வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப்: ஜூனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

2023 கோடையில், மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 12 வாரம் இருந்துவிட்டு வந்தேன். படித்தது கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, இசிஇ. அன்றிலிருந்து கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் என் எண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஜெர்மனி, ஆகவே பேச்சு பெரும்பாலும் அங்கேயே சுற்றும்.

அக்கா, நான் செகண்ட் இயர்தான். இப்பவே இதைப் பத்தி யோசிக்கணுமா?

யோசிக்க வேண்டும், ஆனால் போவது மூன்றாம் ஆண்டு முடிவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் ஜெர்மனியில் படிப்பு தொடர்பான பயிற்சிக்கு வருவதற்கான வழக்கமான சட்டப்பிரிவு, நான்காவது செமஸ்டர் முடிந்த பிறகு செய்யும் பயிற்சியைத்தான் பேசுகிறது. அதற்கு முன்பு கேட்டால் பேராசிரியருக்கு ஆசை இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும்.

இரண்டாம் ஆண்டில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. பாஸ்போர்ட் எடுப்பது, காட்டுவதற்கு உருப்படியாக ஒரு புராஜெக்ட் வைத்திருப்பது. மே மாதம் கிளம்ப நினைப்பவர் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தேட ஆரம்பிக்க வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடிந்துவிடும், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் வைஸ் உதவித்தொகை நவம்பர் தொடக்கத்தில். "பொங்கல் லீவில் உட்கார்ந்து அப்ளை பண்றேன்" என்று சொல்பவர்களுக்கு அடுத்த வருடம்தான்.

ஐஐடி, என்ஐடி பசங்களுக்குத்தானே இதெல்லாம்? எங்க காலேஜ் பேரு அடுத்த மாவட்டத்துக்கே தெரியாது.

பாதி உண்மை. சில உதவித்தொகைகள் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டும்தான். அந்த வருட அறிவிப்பைத் திறந்ததும் முதலில் தகுதிப் பகுதியைப் படியுங்கள். மூன்று வாரம் விண்ணப்பம் எழுதிவிட்டு நான்காவது வாரம் அதைப் பார்த்து அழுத ஜூனியர் எனக்கு உண்டு.

வேறு கதவுகளும் இருக்கின்றன. மிட்டாக்ஸில் கனடாப் பேராசிரியர்கள் போட்ட திட்டங்களின் பட்டியலிலிருந்து நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஐயேஸ்டே என்று ஒரு மாணவர் பயிற்சிப் பரிமாற்ற அமைப்பு, 1948-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கியது. அது பண்டமாற்று மாதிரி: இந்தியாவில் ஒரு வெளிநாட்டு மாணவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தால், இங்கிருந்து ஒருவருக்கு வெளியே இடம் கிடைக்கும். கடைசிக் கதவு, எந்தத் திட்டமும் இல்லாமல் பேராசிரியருக்கே நேராக எழுதுவது. நான் நுழைந்தது அதில்தான். அங்கே இருப்பவர்களுக்கு நம்மூர்க் கல்லூரிகளின் தர வரிசை மனப்பாடமில்லை. என் கல்லூரியை யாரும் கேள்விப்பட்டதில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சிஜிபிஏ 7.4. ஒரு அரியர் இருந்து கிளியர் பண்ணிட்டேன். வாய்ப்பு இருக்கா?

உதவித்தொகைப் போட்டியில் கஷ்டம். நேரடி மெயில் வழியில் இருக்கிறது. அரியரை மறைக்க முயலாதீர்கள், மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியும். எதில் அரியரோ அது நீங்கள் போகும் துறையின் அடிப்படைப் பாடமாக இருந்தால் மட்டும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். சிக்னல் பிராசஸிங் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்பவருக்குச் சுற்றுச்சூழல் அறிவியலில் அரியர் இருந்ததை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நூறு புரொஃபசருக்கு மெயில் போட்டேன். ஒருத்தர்கூட ரிப்ளை பண்ணலை. என்ன தப்பு?

நூறுதான் தப்பு. ஒரே மெயிலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பீர்கள். இந்தியாவிலிருந்து அப்படி வரும் மெயில்கள் அவர்களுக்கு நன்றாகப் பழக்கம். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் ரிசர்ச்" என்ற முதல் வரியிலேயே மூடிவிடுவார்கள். பெண் பேராசிரியருக்கு "சார்" என்று அனுப்பியவரும் நம்ம குழுவில் இருக்கிறார்.

நான் 23 பேருக்கு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை நேரம் ஆனது. அந்தக் குழுவின் சமீபத்திய ஆய்வுக்கட்டுரை ஒன்றை எடுத்து, முழுசாகப் புரியாவிட்டாலும் செய்முறைப் பகுதியைப் படித்து, அதில் நான் செய்யக்கூடியது என்ன என்று இரண்டு வரி எழுதினேன். அப்புறம் நான் யார், என்ன செய்திருக்கிறேன் என்று இரண்டு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பணம் யார் பொறுப்பு என்று ஒரு வரி. மொத்தம் 150 சொல்லுக்குள். ஒரு பக்க சிவி, மதிப்பெண் பட்டியல், இரண்டும் பிடிஎஃப். விளிக்கும்போது "டியர் புரொஃபசர்", அதன் பின் அவருடைய குடும்பப் பெயர். நாலு பேர் பதில் போட்டார்கள், மூன்று பேர் மறுத்தார்கள், ஒருவர் வீடியோ அழைப்புக்குக் கூப்பிட்டார். ஒருவர் போதும்.

இன்னொன்று. பேராசிரியரைவிட அவருடைய குழுவில் பிஎச்டி செய்பவருக்குத்தான் கூட ஒரு கை தேவைப்படும். கட்டுரையில் முதல் பெயராக இருப்பவர் பெரும்பாலும் அவர்தான். பேராசிரியருக்கு எழுதும்போது அவருக்கும் நகல் போடுங்கள். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு.

ஜெர்மன் தெரியணுமா?

ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமே போதும். ரயில் ரத்தாகும் அறிவிப்பு ஜெர்மனில்தான் வரும், அதற்காகவாவது எண்களையும் "ரத்து" என்ற சொல்லையும் கற்றுக்கொள்ளுங்கள். நிறுவனங்களில், குறிப்பாகச் சின்ன ஊர் நிறுவனங்களில், ஜெர்மன் இல்லாமல் கஷ்டம்.

கம்பெனி ஒண்ணு "இது உங்க பாடத்திட்டத்தில் கட்டாயமா?"னு திரும்பத் திரும்பக் கேட்குது. ஏன்?

நல்ல கேள்வி, இதில் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். ஜெர்மனியில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. பாடத்திட்டப்படி கட்டாயமான பயிற்சிக்கு அது பொருந்தாது. மாணவர் தானாக விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும் பொருந்தாது. விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால், முதல் நாளிலிருந்தே முழு ஊதியம் தர வேண்டும்.

எனவே அவர்கள் கேட்பது வம்புக்கல்ல, கணக்குக்காக. உங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் இருந்தால், அதைக் குறிப்பிட்டு, எத்தனை வாரம் என்பதோடு, துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். வெறும் போனஃபைடு சர்டிஃபிகேட் போதாது. கட்டாயம் இல்லாததைக் கட்டாயம் என்று எழுதி வாங்காதீர்கள். அதே கடிதம் விசா அதிகாரியின் மேசைக்கும் போகும்.

ஏஜென்சி ஒண்ணு ஒன்றேகால் லட்சம் கட்டினா யூரோப்ல இன்டர்ன்ஷிப் கேரண்டின்னு சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். நேர்மையான ஆய்வுக்கூடமோ நிறுவனமோ உங்களை எடுத்துக்கொள்ள உங்களிடமே காசு கேட்காது. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது பல நேரம் ஒரு சர்டிஃபிகேட், ஊர் சுற்றல், நாலு புகைப்படம்.

இதைவிட மோசமான ரகமும் உண்டு. தாய்லாந்தில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைத்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அப்படி மாட்டி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். "விசிட் விசாவில் வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்" என்ற வரி கேட்டதும் போனை வைத்துவிடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் என்று யாராவது சொன்னால், இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பேப்பர்ல "மூணு மாசம்"னு போட்டு இன்விடேஷன் வந்திருக்கு. ஷெங்கன் விசா போதும்தானே?

விரலை மடக்கி எண்ணுங்கள். மே 1 முதல் ஜூலை 31 வரை: 31, 30, 31. மொத்தம் 92 நாள். ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து. இரண்டே நாள் கூடுவதால் நீங்கள் தேசிய விசா என்ற வேறு வரிசைக்குப் போகிறீர்கள். அங்கே காத்திருப்பு அதிகம். 12 வாரம் என்றால் 84 நாள், வசதியாக அடங்கும். அழைப்புக் கடிதத்தில் "மூன்று மாதம்" என்று பொதுவாக எழுத விடாமல், தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். என் கடிதத்தையே திருத்தி வாங்கினேன். பேராசிரியரின் செயலாளர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

90 நாளுக்குள் என்றாலும் சுற்றுலா என்று சொல்லி விண்ணப்பிக்கக் கூடாது. பயிற்சி என்றே விண்ணப்பிக்க வேண்டும். சில வகைப் பயிற்சிக்கு ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். அதை அழைக்கும் தரப்பு வாங்கித் தரும், ஆனால் நாம் கேட்டால்தான் அவர்களுக்கே நினைவு வரும்.

விசாவுக்கு எப்ப அப்ளை பண்றது, எவ்வளவு ஆகும்?

ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவெடுக்கப் பொதுவாக 15 நாள், இழுத்தால் 45. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. தேசிய விசாவுக்கு 75. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்கள் சறுக்கும் இடம் அப்பாயின்ட்மென்ட். ஏப்ரல், மே மாதங்களில் சம்மர் டூர் போகும் குடும்பங்களும் அதே வரிசையில் நிற்கும். கடிதம் கையில் வந்த அன்றே தேதி பிடியுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியா இருக்கு. இனிஷியல் மட்டும்தான் எல்லா இடத்திலும். பிரச்சினை வருமா?

வட இந்திய நண்பர்களுக்குப் புரியாத, நமக்கே உரிய தலைவலி இது. மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வராஜ்", கல்லூரிக் கடிதத்தில் "எஸ். கார்த்திக்" என்று மூன்று ஆள் இருப்பார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதே இறுதி. விமான டிக்கெட், காப்பீடு, அழைப்புக் கடிதம், கல்லூரிக் கடிதம் எல்லாம் எழுத்து மாறாமல் அதன்படி இருக்கட்டும். எஸ் என்றால் செல்வராஜ், இரண்டும் ஒரே ஆள் என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

சர்நேம் காலியாக இருப்பது குற்றமல்ல, ஆனால் ஒவ்வொரு இணையப் படிவத்திலும் முட்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் வழியாக டிக்கெட் போட்டு, நடுவில் ஊரைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும். நேரம் இருந்தால், இரண்டாம் ஆண்டிலேயே, அப்பா பெயரை விரித்துச் சர்நேம் பகுதியில் போட்டு மறுவெளியீடு செய்துவிடுவது நிம்மதி. பின்விளைவு ஒன்றுதான்: அங்கே உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். 12 வாரம் நான் "ஃபிராவ்" (நம்ம "மேடம்" மாதிரி) சேர்த்து அப்பா பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்கு ரொம்பப் பெருமை.

எங்களுக்கு செமஸ்டர் எக்ஸாம் முடியவே ஜூன் ஆகும். மே மாசம் எப்படிப் போறது?

தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வு பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இழுக்கும். தேர்வு அட்டவணை தெரியாமல் தேதி கொடுக்காதீர்கள். "ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு" என்று மெயிலிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜூனில் போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலை நடுவில் முடியும், ஆகஸ்டில் பேராசிரியர்கள் விடுமுறையில் மறைந்துவிடுவார்கள். நீங்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் ஆய்வுக்கூடம் காலி. ஆகஸ்டில் யார் இருப்பார்கள், யாரிடம் கேட்பது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வையுங்கள். மெயில் கேள்வியில் சொன்ன அந்த பிஎச்டி ஆள் இங்கேதான் உதவுவார்.

எச்ஓடி என்ஓசி (தடையில்லாச் சான்று) தர மாட்டேங்கிறார்.

அவருக்குப் பயம் அட்டென்டன்ஸ். "வெளிநாடு போறேன் சார்" என்று போய் நிற்காமல், தேதி போட்ட அழைப்புக் கடிதம், கல்லூரி திறக்கும் தேதி, எத்தனை நாள் இடிக்கிறது என்ற கணக்கு மூன்றையும் ஒரே தாளில் கொண்டுபோங்கள். எனக்கு ஒன்பது நாள் இடித்தது. "ஆன் டியூட்டி" போட்டுக் கொடுத்தார்.

ஸ்டைபெண்ட் கிடைக்கலைன்னா மாசம் எவ்வளவு ஆகும்?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர்கள் முடக்கக் கணக்கில் (முன்பே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அரசே போட்ட கணக்கு என்பதால் அதையே அளவுகோலாக வையுங்கள். மியூனிக்கில் போதாது, ரூர் பகுதியில் மிஞ்சும். என் ஆய்வுக்கூடம் மாதம் 500 யூரோ கொடுத்தது. அறைக்கு 340 போனது. மிச்சத்துக்கு அப்பா.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று: ஒரே மாதச் சீட்டில் நாடு முழுக்க ஊர்ப் பேருந்து, டிராம், சாதாரண ரயில் எல்லாம். விரைவு ரயில் கிடையாது. நான் போன 2023 மே மாதம்தான் அது 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. அது தானாகப் புதுப்பிக்கும் சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். நான் 12-ஆம் தேதி ரத்து செய்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரு மாதம் ஜெர்மன் ரயிலுக்குக் காசு கட்டினேன்.

ரூம் எப்படிக் கிடைக்கும்? ஆன்லைன்ல ஒருத்தர் அட்வான்ஸ் கேட்கிறார்.

மூன்று மாதத்துக்கு யாரும் புது ஒப்பந்தம் போட மாட்டார்கள். கோடையில் ஊருக்குப் போகும் மாணவர்களின் அறையை இடைவாடகைக்கு எடுப்பதே வழி. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் திருடர், சந்தேகமே வேண்டாம். வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஆய்வுக்கூடத்தில் யாரையாவது நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

தேவையில்லை, சமைக்கத் தெரிந்தால். ரூர் பகுதியில் ஈழத் தமிழர்கள் நிறைய. அவர்கள் கடைகளில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் சனிக்கிழமையே நினைவு வையுங்கள். பக்கத்தில் ஹம் நகரின் ஊன்ட்ராப்பில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது, கோபுரத்தோடு. கோடையில் தேர் இழுக்கும்போது ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வருவார்கள். வீட்டை நினைத்து அழுதுகொண்டு போனேன், மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அங்கே பார்த்த அம்மா ஒருவர் என் உச்சரிப்பைக் கேட்டு "பிள்ளை இந்தியாவோ?" என்றார்.

பொண்ணைத் தனியா அனுப்ப மாட்டேன்னு அப்பா சொல்றார். நீங்க எப்படிச் சம்மதிக்க வச்சீங்க?

வாதாடி இல்லை. அறையின் முகவரி, ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருடைய எண், காப்பீட்டுத் தாள், திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு அப்பா கையில் கொடுத்தேன். பேராசிரியரோடு ஒரு வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம் அப்பாவையும் உட்கார வைத்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பேராசிரியர் கை கூப்பி "வணக்கம்" என்றதும் காரியம் முடிந்தது. முந்தைய நாள் அந்தச் சொல்லை மெயிலில் சொல்லிக் கொடுத்தது நான் என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

போய் இறங்கினா வேலையே கொடுக்கலைன்னா?

நடக்கும். முதல் பத்து நாள் எனக்கும் நடந்தது, தப்பு என்னுடையதே. யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நம்மூரில் கேட்காமல் இருப்பது மரியாதை, அங்கே அது "இவருக்கு ஒன்றும் தேவையில்லை" என்று அர்த்தம். பதினோராவது நாள், இந்த வாரம் இதைச் செய்யலாமா என்று நான்கு வரி எழுதிக் கேட்டேன். அன்று மதியமே வேலை வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் அந்த நான்கு வரி.

ஜூலையிலேயே கேம்பஸ் பிளேஸ்மென்ட் ஆரம்பிச்சுடும். மிஸ் ஆயிட்டா?

சில நிறுவனங்கள் மிஸ் ஆகும், அதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். ஆன்லைன் தேர்வு என்றால் அங்கிருந்தே எழுதலாம். கோடையில் நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், இங்கே காலை 10 மணித் தேர்வு அங்கே காலை 6.30. நேரில் வரச் சொல்லும் நிறுவனம்தான் உங்கள் கனவு என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், அந்தக் கோடையில் ஊரிலேயே இருங்கள்.

அங்க எழுதின புரோகிராம் கோட் எல்லாம் கிட்ஹப்பில் போடலாமா?

கேட்காமல் போடக் கூடாது. நிறுவனம் என்றால் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கட்டுரை வெளியாகும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். எந்தப் பகுதியை வெளியே காட்டலாம் என்று கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

முடிஞ்சதும் அப்படியே அங்கேயே வேலை தேடித் தங்கிட முடியுமா?

முடியாது. இந்தக் குறுகியகால விசாவை அங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ள முடியாது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தெரியும்: 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையோடு கணினியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து டிகிரி முடித்து, மாஸ்டர்ஸுக்குப் போவதே நேர் வழி. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலம் 2017-இலிருந்து நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், அதற்கும் மாதங்கள் ஆகலாம்.

கிளம்பும்போது என்ன வாங்கிட்டு வரணும்? சாக்லேட்டைத் தவிர.

பயிற்சிச் சான்று, கையெழுத்தோடு, தேதிகளோடு, என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரத்தோடு. கடைசி வாரத்தில் கேட்டால் "அனுப்பி வைக்கிறேன்" என்பார்கள். இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒரு "எச்" குறைந்திருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் உட்கார்ந்துதான் அதைக் கவனித்தேன்.